பனி அருவியில் ஏறிய பேராசிரியர்

1861-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி.

சுவிட்சர்லாந்து நாட்டில், ஆல்ப்ஸ் மலைத் தொடரில், மூன்று பேர் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு ஏறிக்கொண்டு இருந்தார்கள்.

அந்த மலையின் பெயர் வைஸ்ஹார்ன். வெள்ளைக் கொம்பு என்று பொருள். உயரம் 14,700 அடிக்கு மேல். அதுவரை எந்த மனிதனும் அதன் உச்சியை மிதித்தது இல்லை.

வழியில் ஓரிடத்தில் பாறை முடிந்தது. அடுத்த பாறைக்குப் போவதற்கு ஒரே வழி, நடுவில் இருந்த பனி வரப்புதான். வயல் வரப்பு போல அகலமானது அல்ல அது. மேலே போகப் போகக் கத்தி முனை போல மெலிந்து இருந்தது. இந்தப் பக்கமும் பாதாளம். அந்தப் பக்கமும் பாதாளம்!

வழிகாட்டி பென்னன் காலை எடுத்து வைத்தார். பனியை மெதுவாக அழுத்தினார். பனி நசுங்கியது, ஆனால் உதிரவில்லை. கல் போல இறுகி நின்றது. பாதம் வைக்கும் அளவுக்கு அதில் ஒரு தடம் விழுந்தது.

பென்னன் அடிமேல் அடி வைத்துக் கடந்தார். மற்றவர்களும் அந்தத் தடத்தில் கடந்தார்கள்.

அந்தப் பனி ஏன் உதிரவில்லை? உலகத்திலேயே அதற்குப் பதில் சொல்லக் கூடியவர்கள் அப்போது மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் அந்தக் கயிற்றிலேயே கட்டப்பட்டு இருந்தார்!

அவர் பெயர் ஜான் டிண்டால். லண்டனில் விஞ்ஞானப் பேராசிரியர்.

போலீஸ்காரர் மகன்

டிண்டால் 1820-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பிறந்தார். ஊர், அயர்லாந்து தேசத்தில் கார்லோ மாவட்டத்தில் உள்ள லெய்லின்பிரிட்ஜ்.

தகப்பனார் ஒரு சாதாரண போலீஸ்காரர். சம்பளம் சொற்பம். இருந்தாலும் மகனுக்கு நல்ல படிப்புக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கும் நில அளவையும் பையனுக்கு நன்றாக வந்தன.

1839-ல் சர்வே இலாகாவில் டிண்டாலுக்கு வேலை கிடைத்தது. பூமியை அளந்து படம் போடும் வேலை. பிறகு இங்கிலாந்துக்கு மாற்றினார்கள்.

அங்கே ஊழியர்களுக்குக் கூலி குறைவு. நடத்தும் விதமும் சரியில்லை. டிண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1843-ல் அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

இங்கிலாந்து முழுவதும் ரயில் பாதை போட்டுக்கொண்டு இருந்த காலம் அது. அதற்கு அளவு எடுக்க ஆள் தேவைப்பட்டது. டிண்டாலுக்குப் பிழைக்க வழி பிறந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனார்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. அதை வைத்து வீடு வாங்கவில்லை, நிலம் வாங்கவில்லை. 28-வது வயதில் மறுபடியும் மாணவர் ஆனார்!

ஜெர்மனியில் மார்பர்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் பன்சன். பள்ளிக்கூட ரசாயன அறைகளில் எரியும் பன்சன் அடுப்புக்குப் பெயர் தந்தவர். கைப்பணம் தீர்வதற்குள் படித்து முடிக்க வேண்டும். இரவு பகலாகப் படித்தார். இரண்டே ஆண்டுகளில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1853-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற புகழ் பெற்ற விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். மின்சார மேதை மைக்கேல் பாரடே அங்கேதான் இருந்தார். பாரடே கொல்லர் மகன். டிண்டால் போலீஸ்காரர் மகன். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

நகரும் பனி

1856-ல் டிண்டால் தம் நண்பர் ஹக்ஸ்லியுடன் ஆல்ப்ஸ் மலைக்குப் போனார். அங்கே உள்ள பனி ஆறுகளைப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

பனி ஆறு என்றால் என்ன?

நம் ஊரில் விடியற்காலையில் புல்லின் மேல் நிற்கும் பனி அல்ல. மலை உச்சியில் மழைக்குப் பதிலாக வெண்பனி கொட்டுகிறது. ஆண்டுக் கணக்கில் கொட்டிக் குவிகிறது. மேலே உள்ள பாரம் அழுத்த அழுத்த, அடியில் உள்ளது கெட்டிப் பனிக்கட்டி ஆகிறது. அந்தக் கட்டி சும்மா இருப்பது இல்லை. தன் பாரத்தாலேயே பள்ளத்தாக்கில் இறங்கி வருகிறது. அதுதான் பனி ஆறு.

ஆறு என்றால் அருவியும் உண்டு அல்லவா? பனி ஆறு செங்குத்தான சரிவில் இறங்கும்போது பாளம் பாளமாகப் பிளக்கிறது. வீடு போலவும் கோபுரம் போலவும் பனிக்கட்டிகள் சாய்ந்து நிற்கின்றன. நடுநடுவே ஆழம் தெரியாத பிளவுகள். பார்த்தால், கொட்டிக்கொண்டு இருந்த அருவி திடீர் என்று உறைந்துபோனது போல இருக்கும். இதுதான் பனி அருவி.

ஆச்சரியம் என்ன என்றால், அருவிக்குக் கீழே அந்தத் துண்டுகள் எல்லாம் மறுபடியும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன! உடைந்த பனி எப்படி ஒட்டுகிறது?

ஐஸ்கட்டியின் ரகசியம்

இந்த ரகசியத்தின் நுனியை 1850-லேயே பாரடே பிடித்துவிட்டார். உருகத் தொடங்கிய இரண்டு ஐஸ்கட்டிகளைச் சேர்த்து வைத்தால், அவை ஒன்றாக உறைந்துவிடுகின்றன. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஈரமான இரண்டு ஐஸ்கட்டிகளைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். பிறகு பிரிப்பது கஷ்டம்.

டிண்டால் இதை மேலும் ஆராய்ந்தார். மரத்தில் அச்சுகள் செய்தார். அதில் ஐஸ்கட்டியை வைத்து இயந்திரத்தால் நசுக்கினார். ஐஸ் நொறுங்கியது, நொறுங்கிய துண்டுகள் ஒட்டிக்கொண்டன. ஐஸ் உருண்டை வில்லை ஆயிற்று. வேறொரு அச்சில் கிண்ணம் ஆயிற்று!

பனி அருவியிலும் இதுதான் நடக்கிறது என்றார் டிண்டால். சரிவில் உடைகிறது, கீழே அழுத்தத்தால் ஒட்டுகிறது.

போர்ப்ஸ் என்ற மற்றொரு விஞ்ஞானி இதை ஒப்புக்கொள்ளவில்லை. பனிக்கட்டி பாகு போல மெல்ல வழிகிறது என்பது அவர் கட்சி. இருவருக்கும் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. பிற்காலத்து ஆராய்ச்சி போர்ப்ஸ் பக்கமும் நியாயம் உண்டு என்று காட்டியது. ஆழத்தில் உள்ள பனிக்கட்டி உடையாமலே வளைந்து நகர்கிறது. அடிப்பாறையின் மேல் வழுக்கியும் வருகிறது. ஆனால் உடைந்த பனி மீண்டும் ஒட்டும் என்று டிண்டால் காட்டியது பொய் ஆகவில்லை.

குச்சி நட்ட பேராசிரியர்

வேலையை விட்டு நீக்கினார்களே, அந்த சர்வே வேலை டிண்டாலுக்கு இப்போது கைகொடுத்தது.

பிரான்ஸ் நாட்டில், மோன் பிளாங்க் மலை அடிவாரத்தில், மேர் டி கிளாஸ் என்ற பெரிய பனி ஆறு இருக்கிறது. பனிக் கடல் என்று பொருள். 1857-ல் அதன் குறுக்கே வரிசையாகக் குச்சிகளை நட்டார். கரையில் நின்று சர்வே கருவியால் பார்த்தார். மறுநாள் குச்சிகள் இடம் மாறி இருந்தன!

நடுவில் உள்ள குச்சி வேகமாகப் போயிற்று. ஓரத்துக் குச்சி பின்தங்கியது. சில இடங்களில் ஒரே நாளில் 2½ அடிக்கு மேல் நகர்ந்தது.

குளிர்காலத்தில் எப்படி? அதையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். 1859-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசி. லண்டனில் எல்லோரும் பண்டிகை கொண்டாடும் நேரம். டிண்டால் கொட்டும் பனியில் குச்சி நட்டுக்கொண்டு இருந்தார். கோடைகால வேகத்தில் சுமார் பாதி வேகத்தில் பனி ஆறு குளிரிலும் நகர்வதைக் கண்டுபிடித்தார்.

மாறும் குணம்

பனியை அளந்தவர் பனியில் ஏறவும் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் ஏறுகிறவர் கையில் ஒரு கோடரி; காலில் ஆணி அடித்த பூட்ஸ்; இடுப்பில் கயிறு. அவ்வளவுதான். செங்குத்தான பனிக்கட்டியில் கோடரியால் படி வெட்டி வெட்டி ஏற வேண்டும்.

மலைவாசிகளான வழிகாட்டிகளிடம் டிண்டால் ஒரு பாடம் படித்தார். பனி காலையில் ஒரு விதம். மாலையில் வேறு விதம்.

இரவுக் குளிரில் பனி இறுகும். அதனால் ஏறுகிறவர்கள் நடுநிசியிலும் விடியற்காலையிலும் புறப்படுவார்கள். வெயில் ஏறினால் பனி இளகும். காலை வைத்தால் புதையும். சாய்ந்து நிற்கும் பனிக் கோபுரங்கள் சொல்லாமல் சரியும். கெட்டிப் பனிக்கட்டியின் மேல் புதுப் பனி மெல்லிசாகப் படிந்து இருந்தால் அது இன்னும் ஆபத்து. மேல் படலம் பாய் சுருட்டியது போல மனிதரோடு சேர்ந்து வழுக்கிவிடும்.

கடுங் குளிரும் நல்லது அல்ல. பனித்தூள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் மணல் போல உதிரும். கெட்டிப் பனிக்கட்டியோ கோடரி பட்டால் பீங்கான் போலச் சிதறும்.

இந்தக் காலத்தில் குளிர் தேசங்களில் நீர் அருவிகளே உறைந்து தொங்கும்போது, இரு கைகளிலும் கோடரி பிடித்து, பூட்ஸில் இரும்புப் பற்கள் கட்டி ஏறுகிறார்கள். அவர்களும் முதலில் பார்ப்பது இதைத்தான். பனிக்கட்டி பாறையோடு ஒட்டி இருக்கிறதா? உள்ளே தண்ணீர் ஓடுகிறதா? கடுங் குளிரில் விறைத்துவிட்டதா? பதில் சரி இல்லை என்றால் திரும்பிவிடுகிறார்கள்.

வைஸ்ஹார்ன் வரப்பில் பென்னன் காலால் அழுத்திப் பார்த்ததும் இதற்காகத்தான். அன்றைய பனி உருகும் பதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்தியதும் ஒட்டிக்கொண்டது. லண்டனில் மர அச்சுக்குள் நடந்தது, ஆல்ப்ஸ் உச்சியில் பென்னனின் பூட்ஸுக்கு அடியில் நடந்தது!

அன்று மூவரும் உச்சியை அடைந்தார்கள். ஒரு கோடரியின் கைப்பிடியைப் பனியில் நட்டு, அதில் ஒரு சிவப்புக் கைக்குட்டையைக் கொடியாகக் கட்டினார் பென்னன். வைஸ்ஹார்ன் சிகரத்தில் பறந்த முதல் கொடி அதுதான்.

கை நழுவிய கோடரி

டிண்டாலும் துணிச்சலில் எல்லை மீறியது உண்டு.

1858-ல் ஒரு நாள் காலை. 15,200 அடி உயரம் உள்ள மோண்டி ரோசா மலைக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டுவிட்டார். வழிகாட்டி இல்லை. கோட்டுகூட இல்லை. ஒரு புட்டியில் தேநீர். கொஞ்சம் ரொட்டியும் இறைச்சியும்.

உச்சியை அடைந்துவிட்டார். அங்கே அவர் கோடரி கை நழுவியது! பனியில் சறுக்கிக்கொண்டு போயிற்று. கோடரி இல்லாமல் இறங்குவது எப்படி? நல்ல வேளை, சற்றுத் தூரத்தில் அது நின்றுவிட்டது. நிதானமாகப் போய் எடுத்துக்கொண்டார். பத்திரமாக இறங்கி வந்தார்.

பென்னன் மறைந்தார்

1862-ல் டிண்டாலும் பென்னனும் மாட்டர்ஹார்ன் மலையில் ஏறினார்கள். உச்சிக்குச் சில நூறு அடி இருக்கும்போது திரும்பவேண்டியது ஆயிற்று. அவர்கள் எட்டிய தோள் சிகரத்துக்கு டிண்டால் சிகரம் என்று பெயர் நிலைத்தது.

1864-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி. பென்னன் வேறு இரண்டு பயணிகளுடன் ஓ டி கிரை என்ற மலைக்குப் போயிருந்தார். டிண்டால் அங்கே இல்லை.

பனி நிறைந்த ஒரு சரிவைக் கடக்கவேண்டி இருந்தது. பென்னனுக்கு அந்தப் பனி பிடிக்கவில்லை. சரிந்துவிடும் என்று பயந்தார். உள்ளூர் ஆட்கள் ஆபத்து இல்லை என்றார்கள். பென்னன் அரைமனதோடு இறங்கினார்.

சற்று நேரத்தில் பனியில் ஒரு விரிசல் ஓடியது. சரிவு முழுவதும் பெயர்ந்து பாய்ந்தது. பென்னனும் ஒரு பயணியும் பனிக்குள் புதைந்து இறந்தார்கள்.

காலால் அழுத்திப் பார்த்தே பனியின் மனசைப் படிக்கத் தெரிந்தவர் பென்னன். தாம் படித்ததை நம்பாமல், பிறர் சொல்லை நம்பிய நாள் அது. தோழரை இழந்த டிண்டால் மிகவும் நொந்துபோனார்.

அதே ஆண்டு ஜூலை மாதம் டிண்டாலுக்கே அந்தக் கதி வர இருந்தது. பிட்ஸ் மோர்ட்டராட்ச் மலையில் இருந்து ஐந்து பேர் ஒரே கயிற்றில் இறங்கினார்கள். கெட்டிப் பனிக்கட்டியின் மேல் புதுப் பனி படிந்த சரிவு. ஒருவர் கால் தவறியது. மேல் பனி பெயர்ந்து ஐந்து பேரையும் அடித்துக்கொண்டு போயிற்று. பிளவுகளின் மேல் தூக்கி எறியப்பட்டார்கள். சுமார் ஆயிரம் அடி! வழிகாட்டி ஜென்னி குதிகாலைப் பனியில் ஊன்றி ஊன்றிப் போராடினார். கடைசியில் எல்லோரும் நின்றார்கள். ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

டிண்டாலின் கடிகாரச் சங்கிலி அறுந்து, கடிகாரம் பனியில் போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து, அதைத் தேடிப் போனவர்கள் பனியின் மேல் கண்டு எடுத்தார்கள். சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கிற்று!

வெப்பத்தைப் பிடிக்கும் காற்று

பனியைப் படித்தவர், பனியை உருக்கும் வெப்பத்தையும் படித்தார்.

1859-ல் அவர் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு குழாயில் பலவித வாயுக்களை அடைத்தார். ஒரு பக்கம் இருந்து வெப்பத்தைச் செலுத்தினார். மறு பக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்தார்.

சாதாரண உலர்ந்த காற்று வெப்பத்தை அப்படியே விட்டுவிட்டது. நீராவியும் கரியமில வாயுவும் விடவில்லை, பிடித்துக்கொண்டன. பூமி இரவில் விறைத்துப் போகாமல் இருப்பதற்கு இவையே போர்வை என்று டிண்டால் விளக்கினார். கரியமில வாயு வெயிலில் அதிகம் சூடேறும் என்று 1856-லேயே அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் காட்டி இருந்தார். அந்த வெப்பத்தை நுட்பமான கருவியால் அளந்து காட்டியவர் டிண்டால்.

ஒளியையும் அவர் விடவில்லை. நுண்ணிய துகள்களில் பட்டு ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். அது இன்றும் டிண்டால் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. ஒளி சிதறுவதைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் சர் சி. வி. ராமன் 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வளவு பெரிய பேராசிரியர் குழந்தைகளையும் மறக்கவில்லை. மேகம், ஆறு, பனிக்கட்டி, பனி ஆறு பற்றிக் குழந்தைகளுக்குப் பிரசங்கம் செய்தார். 1872-ல் அது புத்தகமாக வந்தது. பள்ளிக்கூடத்தை எட்டாத தொழிலாளிகளுக்கும் விஞ்ஞானம் சொன்னார். அமெரிக்காவில் பிரசங்கம் செய்து கிடைத்த லாபத்தை, அந்த நாட்டு மாணவர்களின் விஞ்ஞானப் படிப்புக்கே கொடுத்துவிட்டார்.

புட்டி மாறியது

55-வது வயதில், 1876-ல், டிண்டாலுக்குக் கலியாணம் நடந்தது. மனைவி பெயர் லூயிசா. டிண்டாலைவிட 25 வயது இளையவர். ஆல்ப்ஸ் மலையில் பெரிய பனி ஆறான அலெட்ஷுக்கு மேலே, பெல்ஆல்ப் என்ற இடத்தில் இருவரும் ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். கோடை தோறும் அங்கே போய்த் தங்கினார்கள்.

டிண்டாலுக்கு இளமை முதலே தூக்கம் வராத நோய். வயது ஆக ஆக அது முற்றியது. தூக்கத்துக்கு ஒரு மருந்து. வயிற்றுக் கோளாறுக்கு மற்றொரு மருந்து. இரண்டையும் லூயிசாவே அளந்து கொடுப்பார்.

1893-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி காலை. இங்கிலாந்தில் ஹைண்ட்ஹெட் என்ற ஊரில் அவர்கள் வீடு. லூயிசா வயிற்று மருந்து என்று நினைத்து ஒரு புட்டியை எடுத்தார். ஊற்றிக் கொடுத்தார்.

அது தூக்க மருந்து! அளவோ பல மடங்கு!

உடனே தவறு தெரிந்துவிட்டது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். செய்யாத சிகிச்சை இல்லை. பலிக்கவில்லை. அன்று மாலை டிண்டால் காலமானார். வயது 73.

பாதாளங்களின் மேல் நடந்து பிழைத்தவர், படுக்கை அறையில், தம்மை உயிராக நேசித்த கையாலேயே மடிந்தார்.

லூயிசா அதன்பிறகு 47 ஆண்டுகள் வாழ்ந்தார். மறுமணம் இல்லை. கணவர் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஒன்றுவிடாமல் சேர்த்தார். கணவரின் சரித்திரத்தைத் தாமே எழுதி முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது முடியாமலே 1940-ல் கண் மூடினார். அவர் சேர்த்து வைத்ததைக் கொண்டு மற்றவர்கள் எழுதிய சரித்திரம் 1945-ல் வெளிவந்தது.

டிண்டால் குச்சி நட்ட மேர் டி கிளாஸ் பனி ஆறு, அவர் காலத்துக்குப் பிறகு வெகுவாகச் சுருங்கிவிட்டது. காற்றில் கரியமில வாயு பெருகியதும், பூமியின் வெப்பம் ஏறியதுமே முக்கியக் காரணம். அந்த வாயு வெப்பத்தைப் பிடிக்கும் என்று லண்டனில் அளந்து சொன்னவரும் அவர்தான்.

பெல்ஆல்ப்பில், அலெட்ஷ் பனி ஆற்றைப் பார்த்தபடி, கணவருக்காக லூயிசா எழுப்பிய நினைவுக் கல் நிற்கிறது. கீழே பனி ஆறு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டும் இருக்கிறது.